இளநாற்றும் விளக்கின் உயரமும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் எம்மை வேண்டியபோது, "தாங்கள் நெடுங்காலம் மலைநாட்டில் வாழ்ந்தவர், தேயிலையைப் பற்றி எழுதுங்கள்" என்று பொருளையும் தாமே குறித்தனர். தேயிலையின் வரலாறும் வணிகமும் பலராலும் பலகாலும் எழுதப்பட்டவை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதையும், கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்தொழித்ததையும் பள்ளிச் சிறாரும் அறிவர். அவற்றை மீண்டும் எடுத்துரைத்து அன்பர்களின் பொறுமையைச் சோதிக்க நாம் விரும்பவில்லை. நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதனினும் மிகச் சிறியது. முளைத்து இரண்டு இலை விட்ட ஒரு நாற்றின் தலைக்கு மேல் ஒளி எவ்வளவு உயரத்தில் இருத்தல் வேண்டும் என்பதே அது. பொருள் சிறிதாயினும், அதனால் ஒரு குடும்பத்தின் கைம்முதல் முழுவதும் அழிந்ததை நாம் நேரிற் கண்டிருக்கின்றோம்.

அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டம் ஒன்றில் எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் உளன். அவனுடைய தாயுந் தந்தையும் மலையில் வேலை செய்தவர்கள். படிப்பு முடிந்ததும் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போகாமல், லயத்தின் பின்புறத்துத் துண்டு நிலத்தில் மரக்கறி பயிரிடுவதெனத் துணிந்தான். தாயின் தோடுகளை அடகு வைத்துப் பெற்ற பணத்தில் கோவா, குடைமிளகாய், சலாது ஆகியவற்றின் கலப்பின விதைகளை வாங்கினான். அவ்விதைகள் கொத்தினால் அளந்து விற்கப்படுவன அல்ல, எண்ணி விற்கப்படுவன. யூன் மாத மழை. வெளியே விதைத்தால் மழைத்துளி மண்ணைக் கிளறி விதையை அடித்துச் செல்லும் என்று அஞ்சி, தட்டுகளில் விதைத்துக் காம்பராவினுள்ளே, அடுப்பங்கரைக்கு மேலுள்ள பரணில் வைத்தான். ஐந்தாம் நாள் முளை கண்டது. வீட்டார் மகிழ்ந்தனர். பன்னிரண்டாம் நாள் எம்மிடம் ஓடிவந்து, "சேர், விதை பழுது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்றான்.

சென்று பார்த்தோம். நூலிழை போன்ற வெளிறிய தண்டுகள் மூன்று நான்கு அங்குலம் நீண்டு, அனைத்தும் ஒரே முகமாகக் கதவுப் பக்கம் வளைந்து, தலையின் பாரத்தைத் தாங்கமாட்டாது சாய்ந்து கிடந்தன. விதையில் ஒரு குற்றமும் இல்லை. முளைத்த விதை நல்ல விதையே. குற்றம் ஒளியில் இருந்தது.

லயத்துக் காம்பராவை அறியாத அன்பர்களுக்காக ஒன்று கூறுதல் வேண்டும். பழைய லயங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஓர் அறையும் அதன் முன்னே இஸ்தோப்பு எனப்படும் ஒடுங்கிய திண்ணையுமே. சாளரம் ஒன்றிருந்தால் அது பெரும் பேறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வட்டவளை, கினிகத்தேனை, அட்டன் ஆகிய பகுதிகளில் சூரியனைக் காணாத நாட்கள் தொடர்ந்து வரும். நண்பகலிலும் மூடுபனி மலைமுகட்டிலிருந்து இறங்கி வாசல்வரை வந்து நிற்கும். அக்காலத்தில் அக்காம்பராவினுள் எவ்வளவு ஒளி இருக்கும்?

இவ்விடத்தில் எமது கண்ணே எம்மை ஏமாற்றிவிடுகின்றது. மேகமற்ற நண்பகலில் மலைநாட்டு வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளி விழுகின்றது. வானம் முழுவதும் மூடிய நாளில் அது பத்திலொரு பங்காகக் குறையும். திறந்த கதவுக்கு ஓரிரு அடி உள்ளே 1,000 லக்ஸ் கிடைத்தால் அதிகம். அறையின் மூலையில் 100 லக்ஸும் இராது. ஆயிரத்திலொரு பங்காக ஒளி குறைந்த பின்னும் எமது கண்மணி விரிந்து கொடுப்பதால், "நல்ல வெளிச்சந்தானே, எழுத்து வாசிக்க முடிகிறதே" என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். நாற்று எழுத்து வாசிப்பதில்லை. தனக்கு உணவு சமைப்பதற்கு அது விழும் ஒளியை அளந்தே எடுத்துக்கொள்கின்றது; அளவு குறைந்தால் அதற்குப் பட்டினிதான்.

பட்டினியுற்ற நாற்று நீள்வது ஏன் என்று வினவலாம். விதை மண்ணின் ஆழத்தில் முளைக்கின்றது. அங்கே இருள். இருளைக் கண்ட முளை, தான் இன்னும் மண்ணின் கீழே இருப்பதாகக் கொண்டு, விதையிற் சேமித்த உணவு முழுவதையும் தண்டின் நீட்சியிலேயே செலவிட்டு மேலே வரப் பார்க்கின்றது; இலையை விரிப்பதிலும் தண்டைத் தடிப்பதிலும் வேரை ஓட்டுவதிலும் அது சிக்கனம் பிடிக்கின்றது. இருண்ட காம்பராவிலுள்ள நாற்றும் அவ்வாறே நடந்துகொள்கின்றது. அது கதவுப் பக்கம் வளைந்ததற்கும் காரணம் உண்டு. சாள்ஸ் டார்வினும் அவர் மைந்தர் பிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட நூலில், புல்லின் முளைநுனியே ஒளியின் திசையை உணர்கின்றதென்றும், வளைவு அதற்குக் கீழே நிகழ்கின்றதென்றும் பரிசோதனையாற் காட்டினர். நுனியிலிருந்து கீழிறங்கும் ஒரு பொருளே அதற்குக் காரணம் என்பதை ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 1920களில், ஒல்லாந்து நாட்டு வென்ட் என்பார் ஓட்சு முளைகளைக் கொண்டு நிறுவினார். ஓட்சின் எனப்படும் அப்பொருள் நிழற்பக்கத்தில் மிகுந்து சேர, அப்பக்கம் கூடுதலாக நீள, தண்டு ஒளியை நோக்கிச் சாய்கின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை. சாய்ந்த நாற்றெல்லாம் ஒளியின்றிச் சாய்ந்தது எனக் கொள்ளற்க. மண்மட்டத்தில் தண்டு பழுப்பு நிறமாகி, நூலால் இறுக்கிக் கட்டியதுபோல ஒடுங்கிச் சாய்ந்திருந்தால் அது நாற்றழுகல் என்னும் பூஞ்சண நோய். ஈரமுங் குளிரும் காற்றோட்டமின்மையும் அதற்கு உற்ற துணை. தண்டு நீண்டு வெளிறி, ஒரே திசையில் வளைந்திருந்தால் அஃது ஒளிக்குறை. எம் மாணவனின் தட்டில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. ஓரத்தில் சில முதலாம் வகை. மெலிந்த நாற்றை நோய் எளிதிற் பற்றும் ஆதலால் இரண்டும் ஒருங்கே வருவதுண்டு.

அவன் செய்த மற்றொரு பிழை அடுப்பங்கரை. விதை முளைப்பதற்கு வெம்மை வேண்டும்; குடைமிளகாய் போன்றவற்றுக்கு நுவரெலியாவின் குளிர் போதாது. ஆதலால் அடுப்புக்கு மேலே வைத்தது முளைக்கும் வரையில் அறிவுடைய செயலே. முளை கண்ட அன்றே தட்டை அங்கிருந்து இறக்கியிருத்தல் வேண்டும். இருளும் வெம்மையும் ஒன்று சேர்ந்தால் நாற்றின் நீட்சி இருமடங்கு விரைவு பெறும். ஒளி குறைந்த இடத்தில் குளிர்ச்சி தீங்கன்று. அது நீட்சியைத் தடுத்து நாற்றைக் காத்து நிற்கும்.

நாம் அவனை அழைத்துக்கொண்டு சென்ற இடம் அதே தோட்டத்தின் தவறணை. யாழ்ப்பாணத்து அன்பர்கள் திடுக்கிட வேண்டா. எமது ஊரில் தவறணை என்றால் கள் விற்குமிடம். மலைநாட்டில் அச்சொல் நாற்று வளர்க்கும் இடத்தைக் குறிக்கும். முதன்முறை தோட்டத்துக்கு வந்திருந்தபோது ஒருவர், "கணக்கப்பிள்ளை தவறணையில் இருக்கிறார்" என்று எம்மிடம் கூற, காலை எட்டு மணிக்கே இப்படியா என்று நாம் வருந்தியது உண்டு.

தேயிலைத் தவறணையில் ஒளி பற்றிய சிக்கல் காம்பராவின் சிக்கலுக்கு நேர்மாறானது. பழைய தேயிலை விதையால் உண்டாக்கப்பட்டது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் நடத்திய ஆய்வுகளின் பயனாகப் பிற்காலத்தில் வெட்டுத்துண்டு முறை பரவிற்று. தொழிலாளர் அதனை வீ.பீ. கன்று என்பர். தெரிந்தெடுத்த தாய்ச்செடியின் கிளையிலிருந்து ஓர் இலையும் அதன் கீழ் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தண்டுமாகச் சாய்வாக வெட்டியெடுத்து, மண் நிரப்பிய பொலித்தீன் உறையில் நடுவர். ரி.ஆர்.ஐ. 2025 முதலிய பெயர்பெற்ற வகைகளெல்லாம் இவ்வாறே ஒரு செடியிலிருந்து பெருகி மலைகளை மூடின.

அத்துண்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். இலை ஒன்று உண்டு, வேர் இல்லை. இலை ஒளியைப் பெற்றுச் சமைத்தால்தான் வேர் விடுவதற்கு வேண்டிய உணவு கிடைக்கும். ஆனால் ஒளி மிகுந்தால் இலை சூடேறி, தன்னிடமுள்ள நீரை ஆவியாக்கிவிடும். அவ்விழப்பை ஈடுசெய்ய வேர் இல்லாமையால் துண்டு கருகும். ஒளியின்றியும் சாகும், ஒளியாலும் சாகும். ஆதலால் ஆறேழு அடி உயரத்தில் பந்தலிட்டு, தென்னந்தும்புப் பாயோ நிழல்வலையோ விரித்து, வெயிலில் மூன்றிலொரு பங்கு மாத்திரமே கீழே விழச் செய்வர். அதன் கீழ்ப் பாத்திக்கு மேல் வளைகம்பு நாட்டிப் பொலித்தீன் கூடாரம் மூடி உள்ளீரம் காப்பர். முற்காலத்தில் மலைச்சரிவில் வளரும் பன்னத்தழைகளைப் பாத்தியில் நெருக்கமாகக் குத்தி நிழல் செய்தனர். தழை நாளடைவில் உலர்ந்து உதிர, நிழல் தானாகவே குறைந்து வரும். செலவின்றி இயற்கை செய்து கொடுத்த ஒழுங்கு அது.

எமது ஊர்த் தோட்டக்காரர் புகையிலைக் கன்று நட்டதும் ஓலைத்துண்டை மேலே சாய்த்துவைப்பதும் இதே நோக்கத்தினாலேயே. கன்று பிடித்துக்கொண்டதும் ஓலையை எடுப்பர். எப்பொழுது எடுப்பது என்பதிலேதான் திறமை உள்ளது.

அத்தவறணையின் கங்காணி முதியவர். ஒளிமானி என்ற கருவியை அவர் கண்டதில்லை. கன்றைப் பார்த்தே ஒளியை அளப்பவர். இரண்டு கணுக்களுக்கு இடையேயுள்ள நீளம் கூடினால் நிழல் அதிகம் என்பார். இலை சிறுத்து மஞ்சளோடி விளிம்பு சுருண்டால் வெயில் அதிகம் என்பார். வேர் இறங்கப் பல வாரங்கள் செல்லும். இறங்கியது தெரிந்தபின் கூடாரத்தின் இரு முனைகளை மாத்திரம் சில நாட்களுக்குத் திறப்பார். பின்பு காலையிலும் மாலையிலும் பக்கங்களை உயர்த்துவார். அதன்பின் பொலித்தீனை முற்றாக எடுப்பார். மேற்பந்தலைக் கலைப்பது அதற்கும் பின்னர், அதுவும் படிப்படியாக. மேற்குப் பக்கத்துத் தட்டியை இறுதிவரை விட்டுவைப்பார். பிற்பகல் வெயில் பந்தலின் கீழாகச் சரிந்து நுழைந்து ஓரப்பாத்தியைச் சுடும் என்பது அவர் அநுபவம். மேல்மலைநாட்டில் கன்று தவறணையை விட்டு வெளியேற ஏறத்தாழ ஓராண்டு செல்லும்.

இந்த ஒழுங்கு மீறப்பட்டால் நேர்வதையும் நாம் பார்த்திருக்கின்றோம். வேறொரு தோட்டத்தில், மறுநாள் மேலிடத்துப் பார்வையாளர் வருகின்றனர் என்று, பாத்திகள் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கூடாரங்களை ஒரே காலையில் அகற்றும்படி அதிகாரி ஒருவர் கட்டளையிட்டார். ஒரு வாரம் மூடுபனி. அன்றைக்கென்று பத்து மணிக்கு வானம் வெளித்தது. மூன்று மணிக்குள் பாத்திகள் செம்புநிறமாயின. பழி கங்காணியின் தலையில் விழுந்தது. நடுவதற்கென்று துப்புரவாக்கி வைத்திருந்த மலைத்துண்டு அவ்வாண்டு முழுவதும் மானாப்புல்லோடு கிடந்தது. அதில் வேலை கிடைக்கும் என்றிருந்த பெண்களுக்கு அந்நாட்களின் பெயர் இல்லாமற் போயிற்று.

தவறணையில் ஒளியைக் குறைத்து, காம்பராவில் ஒளியைக் கூட்டி, இரண்டிடத்திலும் நாம் தேடுவது ஒன்றேயாகும்: அந்த வயதில் அந்தக் கன்று தாங்கக்கூடிய ஒளியளவு. இனி விளக்குக்கு வருவோம்.

மின்விளக்கின் கீழ்ச் செடி வளர்க்கும் முயற்சி புதிதன்று. 1880இல் இங்கிலாந்தில் வில்லியம் சீமன்ஸ் மின்வில் விளக்கின் ஒளியில் செடிகளை வளர்த்துக் காட்டினார். 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பெய்லி என்னும் தோட்டக்கலைஞர் சலாது முதலியவற்றை அவ்வாறே வளர்த்தார். மூடியற்ற விளக்கின் அண்மையிலிருந்த செடிகள் பழுதுற்றன என்றும், கண்ணாடி மூடியிட்டபோது தீங்கு குறைந்தது என்றும் இருவரும் கண்டனர். அவ்விளக்கின் ஊதாக்கடந்த கதிர்களைக் கண்ணாடி தடுத்ததே காரணம். விளக்கு எவ்வளவு தூரத்தில் என்ற வினா, விளக்கு வந்த நாளிலிருந்தே இருந்து வருகின்றது.

தூரத்தின் கணக்கை எமது கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் அனைவரும் செய்திருப்போம். புள்ளி போன்ற ஒளிமுதல் ஒன்றிலிருந்து தூரம் இருமடங்கானால் ஒளி நான்கிலொன்றாகும், மும்மடங்கானால் ஒன்பதிலொன்றாகும். நேர்மாறு வர்க்க விதி என்று மனப்பாடம் செய்து புள்ளி வாங்கினோம். வாழ்க்கையில் அது பயன்பட்டது நாற்றுத்தட்டின் முன்னேதான். ஆயின் நான்கடிக் குழல்விளக்குப் புள்ளியன்று, கோடு. அதன் நீளத்தோடு ஒப்பிட மிகக் குறைந்த தூரத்தில், தூரம் இருமடங்கானால் ஒளி ஏறத்தாழப் பாதியாகும். தூரம் கூடக் கூட முன்சொன்ன விதியை அணுகிச் செல்லும். அகன்ற பலகை வடிவ விளக்கின் அருகில் ஓரிரண்டு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய வேறுபாடில்லை.

நாமே முதலாண்டில் செய்த தவற்றைக் கூறிவிடுகின்றோம். வீட்டுக் கூரையில் ஏற்கெனவே இருந்த குழல்விளக்கின் கீழே, ஆறடித் தாழ்வில், மேசைமேல் தட்டுகளை வைத்தோம். இரவு பதினொரு மணிவரை எரித்தோம். நாற்றுகள் எம் மாணவனின் நாற்றுகளைப் போலவே நீண்டன. ஆறடியில் நாற்றுக்குக் கிடைத்தது நூறு லக்ஸ் அளவே. அதே விளக்கை ஆறங்குலத்துக்கு இறக்கியிருந்தால் இருபது முப்பது மடங்கு கிடைத்திருக்கும். மின்கட்டணம் ஒரு சதமும் கூடியிராது. மறுமுறை எதிர்ப்பக்கம் பிழைத்தோம். 100 வாற்று இழைக்குமிழ் ஒன்றை நான்கங்குல உயரத்தில் தொங்கவிட்டோம். இழைக்குமிழ் வாங்கும் மின்சாரத்தில் மிகப்பெரும் பகுதி வெப்பமாகவே போகும். நேர்கீழே இருந்த இலைகள் வெளிறிச் சுருண்டன, மண் உலர்ந்தது. வியப்பு யாதெனின், தட்டின் ஓரத்திலிருந்தவை அப்பொழுதும் நீண்டிருந்தன. அக்குமிழின் ஒளியில் செந்நிறத்துக்கு அப்பாலுள்ள தொலைசிவப்புக் கதிர் மிகுதி. மரநிழலில் இலைகளினூடாக வடிந்து வரும் ஒளியும் அத்தன்மையதே. அதைப் பெறும் நாற்று, தன் தலைக்குமேல் வேறொரு செடி நிற்கின்றதென்று கொண்டு அதனை முந்த நீள்கின்றது.

இப்போது கிடைக்கும் எல்.ஈ.டி. குழல்கள் இவ்விரு இடர்களையும் பெரும்பாலும் நீக்கிவிட்டன. நீலநிற ஒளியுமிழியைக் கண்டவர்களுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது, வெள்ளை எல்.ஈ.டி. விளக்கும் அதன் வழியாகவே வந்தது. செடி வளர்ப்பதற்கென்று ஊதாநிற விளக்குகளும் விற்கின்றனர். அவற்றின் சிவப்பும் நீலமும் இலைக்கு உதவுவன என்பது உண்மையே. ஆயினும் அவ்வொளியில் இலையெல்லாம் கறுப்பாகத் தோன்றுவதால், வெளிறலையோ நோயையோ கண்ணாற் காண இயலாது. நாற்றுக்கு வெள்ளைக் குழலே போதும் என்பது எமது துணிபு.

உயரத்துக்கு நாம் கைக்கொள்ளும் அளவு இது. 20 வாற்று நான்கடி எல்.ஈ.டி. குழல் இரண்டை ஆறங்குல இடைவெளியில் பிணைத்து, இலைநுனிக்கு மேலே நான்கு முதல் ஆறு அங்குலத்தில் தொங்கவிடுவோம். அளவு நிலத்திலிருந்தோ தட்டிலிருந்தோ அன்று, இலைநுனியிலிருந்து. 100 வாற்றுப் பலகை விளக்காயின் ஒன்றரை, இரண்டு அடியில் தொடங்கி, நாற்றின் முகத்தைப் பார்த்துச் சிறிது சிறிதாக இறக்குதல் நன்று. இலைமட்டத்தில் 7,000 முதல் 15,000 லக்ஸ் வரை இருந்தால் கோவா, சலாது, லீக்ஸ் நாற்றுகளுக்குப் போதும். குடைமிளகாய்க்கும் தக்காளிக்கும் மேலெல்லை நன்று. கைத்தொலைபேசியிலுள்ள ஒளிமானி துல்லியமன்று. ஆயினும் தட்டின் நடுவையும் ஓரத்தையும் ஒப்பிட அது போதும். ஒப்பிட்டால் ஓரம் பாதியாக இருக்கக் காண்பீர்கள். குழலின் இரு முனைகளின் கீழும் ஒளி குறைவு. ஆதலால் தட்டுகளை இரண்டு நாளுக்கொருமுறை இடம் மாற்றித் திருப்பி வைத்தல் வேண்டும். பக்கங்களில் வெள்ளைத் தாளோ அலுமினியத் தாளோ நிறுத்தினால் வீணே போகும் ஒளி திரும்பி வரும்.

கருவி இல்லாதார் புறங்கையை இலைமட்டத்தில் அரை நிமிடம் பிடித்துப் பார்க்கலாம். சூடு தெரிந்தால் விளக்கு கிட்ட உள்ளது. சூடு தெரியாவிட்டாலும் ஒளி மிகக்கூடும். மேலிலைகள் வெளிறுவதும் விளிம்பு மேல்நோக்கிச் சுருள்வதும் அதன் அடையாளம். இலையடி ஊதாநிறமாவதைக் கண்டு நுவரெலியாவில் பலர் விளக்கை உயர்த்திவிடுகின்றனர். இரவுக்குளிரிலும் பொசுபரசுக் குறையிலும் கோவா நாற்று அந்நிறம் கொள்ளும். தை, மாசியில் உறைபனி விழும் ஊரில் அது விளக்கின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை.

நாளொன்றுக்கு 14 மணி முதல் 16 மணி வரை ஒளி போதும். எஞ்சிய நேரம் இருள் இருக்கட்டும். எமது நாடு வட அகலக்கோடு 7 பாகையில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய 50 நிமிடமே வேறுபாடு. குளிர்நாட்டார் விளக்கேற்றுவது பகல் குறுகுவதால். நாம் ஏற்றுவது மேகத்தாலும் சுவராலும். ஆகவே இஸ்தோப்பிற் பகலொளி ஓரளவு கிடைக்குமாயின், பகலில் தட்டை அங்கே வைத்து, விடியுமுன் இரண்டு மணியும் மாலைக்குப்பின் மூன்று மணியும் விளக்கின் கீழ் வைத்தாலே பெரும் பயன் உண்டு. சாளரத்தை நம்புவோர் அதன் திசையையும் கவனிக்க. மார்கழியில் நண்பகற் சூரியன் தெற்கே 30 பாகை சாய்ந்திருக்கும். ஆனி மாதத்தில் வடக்கே 16 பாகை. மார்கழியில் வெயில் பாயும் தெற்குச் சாளரம் ஆனியில் நிழலாகிவிடும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 40 வாற்று 14 மணி எரிந்தால் நாளுக்கு 0.56 அலகு, மாதத்துக்கு 17 அலகு. அலகு கூடக் கூட விலைப்படியும் ஏறுவதால், ஏழைக் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. நாற்றுக்காலம் நான்கு ஐந்து வாரமே என்பது ஆறுதல். இலக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அம்மலைகளின் நீரே கொழும்பு வீதிகளுக்கு விளக்கேற்றிற்று. அம்மலைகளில் வேலை செய்தோரின் லயங்களுக்கு அம்மின்சாரம் வந்து சேர நெடுங்காலம் சென்றது என்பதை இங்கே கூறாமல் விடுவது நேர்மையன்று. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிவரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, எமது தட்டுகளை வீட்டின் மிகக் குளிர்ந்த மூலைக்கு மாற்றி, நீரைக் குறைத்து வைத்தோம். அவை வளரவில்லை; ஆனால் சாயவுமில்லை.

லயங்களில் மின்னொழுக்கால் தீப்பற்றிய செய்திகளைப் பத்திரிகை வாசிப்போர் அடிக்கடி காண்கின்றனர். பழைய கம்பியில் புதுச்சுமை ஏற்றலாகாது. தகரக் கூரையின் கீழே விடியற்காலையில் நீர் சொட்டும். விளக்கின் இணைப்புகள் அச்சொட்டு விழும் இடத்தில் இருத்தல் கூடாது. நீர் தெளிக்கும்போது விளக்கை அணைத்தே தெளிக்க. விளக்கைச் சணற்கயிற்றால் கட்டாது சங்கிலியாலோ உறுதியான நைலோன் கயிற்றாலோ தொங்கவிடுக. இவ்வளவும் உறுதியாகாத வீட்டில் விளக்கு முயற்சியே வேண்டா. இஸ்தோப்பின் ஓரத்தில் பொலித்தீன் கூரையிட்டுக் கிடைக்கும் ஒளியோடு அமைவதே நன்று.

எம் மாணவன் ஆவணியில் மறுபடி விதைத்தான். இம்முறை கடன் தந்தவர் அவனுடைய மாமா. நைலோன் கயிற்றில் ஓரங்குலத்துக்கு ஒரு முடிச்சாகப் பன்னிரண்டு முடிச்சிட்டு, நாற்று ஓரங்குலம் உயர்ந்தால் விளக்கை ஒரு முடிச்சு உயர்த்தும்படி தன் தங்கையிடம் ஒப்புவித்தான். அவள் பாடசாலை விட்டு வந்ததும் அளவுகோலை எடுத்துக்கொண்டு தட்டின் முன் அமர்வாள். ஐந்து முடிச்சுக்குமேல் உயர்த்த வேண்டி வரவில்லை. நாற்றுகள் கட்டையாக, கரும்பச்சையாக, பென்சிற்கூர் தடிப்பில் நின்றன.

பின்பு கங்காணியின் முறைப்படி வெளியொளிக்குப் பழக்கினான். முதல் இரண்டு நாள் இஸ்தோப்பின் உட்பக்கம். பின்பு காலை வெயில் ஒரு மணி நேரம். அடுத்து இரண்டு மணி, மூன்று மணி. எட்டாம் நாள் முழுப்பகல். விளக்கின் கீழ் 10,000 லக்ஸ் பெற்ற இலையை ஒரே நாளில் 1,00,000 லக்ஸில் வைப்பது, கூடாரத்தை ஒரே காலையில் அகற்றிய அந்த அதிகாரியின் செயலுக்கு ஒப்பாகும் என்று நாம் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் அப்பாத்திகளில் வேலை செய்தவன். மேகம் மூடிய ஒரு மாலையில் நட்டான். கோவாவில் நட்டுத் தவறியவை விரல்விட்டு எண்ணக்கூடியனவே. குடைமிளகாய் பிந்திய மழையில் பாதி போயிற்று. அடுத்த விதைப்புக்கு அயல் லயத்தார் மூவர் தம் தட்டுகளையும் அதே விளக்கின் கீழ் வைக்கக் கேட்டனர்; இடம் போதாமையால் மூன்றாவது குழல் ஒன்றை மாட்டலாமா, பழைய கம்பி தாங்குமா என்று அவன் எம்மிடம் கேட்டிருக்கின்றான். மின்வேலை தெரிந்த ஒருவரை அழைத்துப் பார்த்த பின்னரே மாட்டுமாறு கூறியுள்ளோம்.